ஞாயிறு கோயிலுக்கு வர மறுத்தவர்கள்: ‘ரெக்யூசன்ட்’ என்பதற்குத் தமிழ் என்ன?

நெல்லையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு, ஒரு அவசர உதவி. இளங்கலை வரலாற்றுக்கான இங்கிலாந்து வரலாற்றுப் பாடநூலைத் தமிழாக்கி வருகிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதலாம் எலிசபெத் அரசி காலத்து இயலில் ‘ரெக்யூசன்ட்’ என்ற சொல் முப்பது இடத்துக்கு மேல் வருகிறது. 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிறும் திருநாளும் ஊர்க் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, எல்லாரும் வந்தாக வேண்டும், வராவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் 12 பென்சு தண்டம். அப்படி வர மறுத்தவர்கள்தான் இவர்கள், பெரும்பாலும், ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டை ஏற்காத கத்தோலிக்கர். நான் ‘வழிபாடு மறுத்தோர்’ என்று எழுதி வகுப்பில் ஓட்டிப் பார்த்தேன். தேர்வில் ஒரு மாணவி ‘நாத்திகர்’ என்று விளக்கம் எழுதியிருக்கிறாள். அவள் மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் இழுக்கிறது. வேறு நல்ல சொல் வேண்டும்.

கோவையிலிருந்து:

அம்மா, மூலத்திலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘ரெ’ + ‘காவ்சா’. ‘காவ்சா’ என்றால் வழக்கு, காரணம். ‘ரெ’ என்பது திரும்ப, எதிராக. நம் ‘மறு’வைப் பாருங்கள்: மறுபடி என்பதில் திரும்ப, மறுமொழி என்பதில் எதிராக. இரண்டு பொருளும் ஒரே அடியில் இருக்கின்றன. ‘வழக்கு’ என்பதற்கும் நம்மிடம் இரண்டு பொருள், நீதிமன்ற வழக்கு ஒன்று, உலக வழக்கு என்கிறோமே அந்த நடைமுறை இன்னொன்று. ஆகவே ‘மறுவழக்கர்’. வழக்கை ஏற்காதவர், வேறு நடைமுறையைக் கைக்கொள்பவர், இரண்டும் இதில் அடங்கும். மாறு, மறை, மறம் ஆகியவற்றையும் இந்த அடியோடு சேர்த்துப் பார்க்கலாம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, ஆராய்ச்சி அருமை. ஆனால் ‘மறுவழக்கர்’ என்று படிக்கிற பிள்ளை மேல்முறையீட்டு வக்கீல் என்றுதான் நினைப்பான். முப்பது இடத்தில் வருகிற சொல்லுக்கு முப்பது இடத்திலும் அடிக்குறிப்பு போட முடியாது. ‘ரெக்யூசன்ட்’ என்றே வைத்துவிட்டு முதல் இடத்தில் விளக்கிவிடலாம் என்பது என் கட்சி. போப், பிஷப் எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன? இல்லை, தமிழ்தான் வேண்டும் என்றால் ‘மறுதலித்தோர்’.

தூத்துக்குடியிலிருந்து:

‘மறுதலித்தோர்’ வேண்டவே வேண்டாம். கிறித்தவத் தமிழில் மறுதலித்தது இயேசுவின் சீடர் பேதுரு. சேவல் கூவும் முன் மூன்று தடவை தன் ஆண்டவரைத் தெரியாது என்றாரே, அதற்குத்தான் அந்தச் சொல். இவர்களோ மறுதலிக்க மாட்டோம் என்று நின்றவர்கள். யார்க் நகரத்துக் கசாப்புக்காரரின் மனைவி மார்கரெட் கிளித்தரோ கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒளிய இடம் கொடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்றத்தில் ‘குற்றவாளி’, ‘குற்றவாளி இல்லை’ இரண்டில் எதையும் சொல்ல மறுத்து, 1586இல் மேலே பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே கோயிலுக்கு வராததற்காகச் சிறை இருந்தவர். அவர் கணவர் சட்டத்துக்கு இணங்கி வந்தவர், மனைவிக்காகத் தண்டம் கட்டியவர். அந்தப் பெண்ணுக்குப் போய் மறுதலித்தவள் என்று பெயர் வைத்தால் மனசு ஒப்பவில்லை.

இன்னொன்று, சொல் பெண்களுக்கும் பொருந்த வேண்டும். பல குடும்பங்களில் சொத்தைக் காப்பாற்ற ஆண் கோயிலுக்குப் போவார், மனைவி வீட்டிலேயே இருப்பார். மனைவி பேரில் சொத்து கிடையாது என்பதால் அரசால் எளிதில் தண்டம் வசூலிக்க முடியவில்லை. 1610இல்தான் கணவன் மாதம் 10 பவுண்டு கட்டு, இல்லையென்றால் மனைவி சிறைக்கு என்று சட்டம் வந்தது.

மதுரையிலிருந்து:

வராதவர்கள்தானே? ‘வாரார்’ என்று சுருக்கமாக வைக்கலாமே. எதிர்மறை வினையாலணையும் பெயர், இலக்கணம் சுத்தம்.

நெல்லையிலிருந்து:

ஐயா, உங்கள் ஊரிலேயே ‘அழகர் வாரார்’ என்றால் வருகிறார் என்றுதானே பொருள்? அச்சில் பார்க்கிறவர்கள் தலைகீழாகப் படிப்பார்கள். காய்ச்சலில் படுத்தவரும் வாராதவர்தான், அவர் ரெக்யூசன்ட் இல்லை. வராமை மட்டும் போதாது, மறுப்பு உள்ளே இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து:

அப்படியென்றால் ‘கூடார்’. கோயிலில் மற்றவரோடு கூட மறுத்தவர். ஆண்டாளின் ‘கூடாரை’ எல்லாருக்கும் தெரியும், புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

தெரியும் ஐயா, அதுதான் சிக்கல். கூடார், நண்ணார், ஒன்னார், மேவார் என்று பழந்தமிழில் சேராதவரைச் சொல்லும் சொல்லெல்லாம் பகைவர் என்றுதான் பொருள்படும். எலிசபெத்தின் அமைச்சர்கள் பர்லியும் வால்சிங்கமும் சொன்னது அதைத்தான், இவர்கள் அரசியின் பகைவர் என்று. 1570இல் போப் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்து, குடிகள் அவருக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்று அறிவித்த பிறகு அந்தச் சந்தேகம் பத்து மடங்கானது. 1581இல் தண்டம் மாதம் 20 பவுண்டு ஆயிற்று, 1593இல் தண்டிக்கப்பட்டவர்கள் வீட்டைவிட்டு ஐந்து மைல் தாண்டக்கூடாது என்றார்கள். ஆனால் இவர்களில் மிகப் பலர் அரசிக்கு நாங்கள் விசுவாசமான குடிகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் மனசாட்சிக்கு என்றுதான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். பாடநூலே வழக்கை ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பளிக்கக் கூடாது.

மதுரையிலிருந்து:

அப்பர் பல்லவனுக்குச் சொன்ன பதில் நினைவுக்கு வருகிறது, நாமார்க்கும் குடியல்லோம். அதிலிருந்து ‘குடியல்லார்’?

தூத்துக்குடியிலிருந்து:

அதே காரணத்தால் ஒவ்வாது. அப்பர் குடியே அல்லோம் என்றார். இவர்கள் குடிதான் என்றார்கள். நாடாளுமன்றத்தைத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் தீட்டிய 1605 வெடிமருந்துச் சதிக்குப் பிறகு ஜேம்ஸ் அரசர் விசுவாசப் பிரமாணம் கொண்டுவந்தபோது, ரோம் தடுத்தும்கூட, இங்கிலாந்துக் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தலைவராக இருந்த பிளாக்வெல்லே 1607இல் அதை எடுத்தார். குடியா இல்லையா என்பதுதான் அவர்களுக்குள்ளேயே நடந்த பெரிய சண்டை.

சென்னையிலிருந்து:

சரி, ‘ஆலய மறுப்பாளர்’ என்று முடிப்போமா? நாள் ஓடுகிறது. மறுப்பர் என்றால் வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்றாகப் படிக்கும், அதனால் மறுப்பாளர். ஆண், பெண் இருவருக்கும் ஆகும்.

தூத்துக்குடியிலிருந்து:

ஆலயத்தை அவர்கள் மறுக்கவில்லையே. அந்தக் கல் கோயில்கள் அவர்களுடைய பாட்டன் பூட்டன் கட்டியவை, முன்னோரைப் புதைத்ததும் அங்கேதான். உள்ளே நடந்த வழிபாடு மாறியதுதான் பிரச்சினை. ‘சபை மறுப்பாளர்’ என்பதும் சரிவராது, திருச்சபை என்பது அவர்களுக்கு ரோமோடு சேர்ந்தது, அதை விட மறுத்ததால்தான் இவ்வளவு தண்டமும்.

நெல்லையிலிருந்து:

இரவெல்லாம் யோசித்தேன். 1559ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுக்க ஒரே வழிபாட்டு நூலைக் கட்டாயமாக்கியது, அதன் பெயரிலேயே ‘பொது வழிபாடு’ என்று இருக்கிறது. அவர்கள் மறுத்தது துல்லியமாக அதைத்தான். ஆகவே முதலில் வரும் இடத்தில் ‘பொதுவழிபாட்டு மறுப்பாளர்’, பிறகு வெறும் ‘மறுப்பாளர்’. 1592 முதல் கருவூலம் வைத்திருந்த தண்டக் கணக்கு ஏடுகளுக்கு ‘மறுப்பாளர் ஏடு’. 1593இல் தனிச்சட்டம் போட்டு விரட்டப்பட்ட புராட்டஸ்டண்ட் பிரிவினையாளரும் வர மறுத்தவர்களே, அவர்களுக்கும் இது பொருந்தும். ‘இணங்கார்’ என்பதை 1662க்குப் பின் வருகிற ‘நான்கன்ஃபார்மிஸ்ட்’களுக்கு, அதாவது அரசுத் திருச்சபைக்கு இணங்காத புராட்டஸ்டண்டுகளுக்கு, ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டமும் உண்டு. உள்ளே கத்தோலிக்கராக இருந்துகொண்டு தண்டத்துக்குப் பயந்து ஞாயிறு வந்து உட்கார்ந்துவிட்டு, நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) மட்டும் வாங்காமல் நழுவுகிறவர்கள். 1606இல் ஆண்டுக்கு ஒருமுறையாவது நற்கருணை வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது இவர்களைப் பிடிக்கத்தான். இவர்களுக்கு என்ன சொல்வது?

மதுரையிலிருந்து:

‘ஒப்புக்கு வருவோர்.’

சென்னையிலிருந்து:

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அப்படியே போடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

ஆம். ‘மறுப்பாளர்’ எனக்கு முழு நிறைவில்லை, உறுதி என்கிற பக்கம் அதில் வரவில்லை. ஆனாலும் எதிர்க்கவில்லை.

கோவையிலிருந்து:

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுப் பொருள் இருந்தால் அதை ஒதுக்கக் கூடாது. புதிய இடத்தில் புழங்கப் புழங்கப் பொருள் விரியும். ‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து எங்கே போய்விட்டது பாருங்கள். பின்னிணைப்பில் ‘கூடார்’ என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டுகிறேன். அப்புறம், உங்கள் முந்தைய இயலில் அரசரைத் திருச்சபைக்குத் தலைவராக்கிய 1534ஆம் ஆண்டுச் சட்டத்தை (‘ஆக்ட் ஆஃப் சுப்ரிமசி’) ‘மேலாண்மைச் சட்டம்’ என்று போட்டிருக்கிறீர்களே, இன்று மேலாண்மை என்றால் கம்பெனி நிர்வாகம் அல்லவா?

நெல்லையிலிருந்து:

ஐயா, சேர்க்கிறேன். மேலாண்மை என் கண்ணிலும் உறுத்தியது. எட்டாம் ஹென்றி 1534இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ‘தலைவர்’ ஆனார், எலிசபெத் 1559இல் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு ‘ஆளுநர்’ என்று எடுத்துக்கொண்டார். பெண் தலைவராக முடியாது என்றவர்களுக்கும், கிறிஸ்துவே தலைவர் என்றவர்களுக்கும் அது ஒரு சமாதானம். இரண்டு சட்டத்துக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். ‘மேலுரிமை’ சரியா, ‘தலைமையுரிமை’ சரியா? நாளை மாலைக்குள் சொன்னால் நல்லது.