தாரத்தில் கீச்சு, மந்திரத்தில் வெறுங்காற்று

கேள்வி (காரைக்குடி):
எட்டுத் துளைப் புல்லாங்குழல், 5 கட்டை (சுருதி அளவு). மத்திய ஸ்தாயி (நடுச் சுர வரிசை) சுத்தம். மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம், அதாவது 'ப', காற்றாகப் போகிறது. தார (மேல் ஸ்தாயி) காந்தாரத்துக்கு, அதாவது 'க'வுக்கு, மேல் கீச்சிடுகிறது. பலமாக ஊதினால் சுருதி ஏறிவிடுகிறது. என்ன செய்யலாம், அண்ணே?

பதில் (தேவகோட்டை):
பலம் வேண்டாம், தம்பி. இரண்டரை ஸ்தாயி வரை தரும் வாத்தியம் அது. மேலே போகக் காற்றின் வேகம்தான் கூட வேண்டும், அளவு அல்ல. உதட்டுத் திறப்பைச் சிறிதாக்கி, முகத்துளையின் எதிர் விளிம்புக்குச் சற்று நெருக்குங்கள். முதல் இரண்டு துளை மூடிய ஷட்ஜத்தில் ('ஸ'), விரல் அசையாமல், மத்தியிலிருந்து தாரத்துக்குத் தாவிப் பழகுங்கள். நாக்கால் தட்டாமல் தாவ வேண்டும், அதுதான் சோதனை. தார காந்தாரத்துக்கு மேல் விரலடைப்பே மாறும், அதுவும் குழலுக்குக் குழல் வேறு.

மந்திர பஞ்சமத்துக்கு ஆறு துளை மூட வேண்டும். காற்றாகப் போனால் பெரும்பாலும் விரல் கசிவுதான். மோதிர விரலை முதலில் பாருங்கள்.

இன்னொரு பதில்:
விரல் சரியாக இருந்தும் மத்திய, தார ஷட்ஜம் இரண்டும் சேராவிட்டால், தலைப்பக்க அடைப்பைப் பாருங்கள். முகத்துளை நடுவிலிருந்து அதுவரை ஏறத்தாழ குழலின் உள்விட்ட அளவு தூரம் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வளவில் (வீட்டு முற்றத்தில்) வாசித்தால் சுருதி தானாக ஏறும்: 10 டிகிரிக்கு அரைச்சுரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. குழல் சூடேறிய பிறகே தம்பூராவைச் சேருங்கள்.