ரோம்பர் ஸ்டோம்பர் பார்த்தவர்களும், நிஜ மொட்டையர்களைப் பார்த்தவர்களும்

மெல்பர்னிலிருந்து:

போன வாரம்தான் ரோம்பர் ஸ்டோம்பர் பார்த்தேன். 1992இல் வந்த ஆஸ்திரேலியப் படம், ஜெஃப்ரி ரைட் எழுதி இயக்கியது. கிளாடியேட்டருக்கு எட்டு வருடம் முன்னால் ரஸ்ஸல் குரோ இதில் மொட்டைத்தலையோடு ஹாண்டோ என்கிற நியோ நாஜி (ஹிட்லரைக் கும்பிடும் நிறவெறி) கும்பல் தலைவனாக வருகிறார். கதை நடப்பது இங்கே ஃபுட்ஸ்கிரேயில். நான் மீனும் கீரையும் வாங்கப் போகிற இடம்! இன்றைக்கு ஹாப்கின்ஸ் தெருவில் வியட்நாமிய ஃபோ சூப் கடைகளைப் பார்க்கிறவர்களுக்கு, இங்கேயா இது என்று தோன்றும். படம் தொடங்கியதுமே ஒரு சுரங்கப்பாதையில் வியட்நாமியப் பிள்ளைகளைப் போட்டு அடிக்கிறார்கள்.

என்னை உறுத்துவது நடுவில் வரும் நீண்ட துரத்தல். தாங்கள் குடிக்கப் போகிற பாரை வியட்நாமியர்கள் வாங்கிவிட்டார்கள் என்று கும்பல் போய் அடிக்கிறது. ஒருவன் ஃபோன் செய்து ஆள் கூட்டுகிறான். கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். மொட்டையர்கள் தெருத்தெருவாக ஓடுகிறார்கள். விசில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் கேமரா ஓடுகிறவர்களோடுதான் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் இவர்கள் தப்பிக்க வேண்டுமே என்று நானே பதற ஆரம்பித்துவிட்டேன். என் நிறத்தில் ஒருவன் அந்தத் தெருவில் நின்றிருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று தெரிந்தும்.

எனக்கு இங்கே பெரிய அனுபவம் எதுவும் இல்லை. ட்ராமில் ஒரு குடிகாரன் "உன் ஊருக்குப் போ" என்று கத்தினான், அவ்வளவுதான். இவர்களை நேரில் எதிர்கொண்டவர்கள் யாராவது எழுதுங்களேன்.

ஜேர்மனியிலிருந்து:

தம்பி, நான் படம் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் அசூல் (அகதித் தஞ்சம்) கேட்ட காலம், கிழக்கும் மேற்கும் சேர்ந்த கையோடு அகதிகளைக் கிழக்கு மாநிலங்களுக்கும் பிரித்து அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். எங்களை ஒரு சின்ன ஊர் ஹைமில் (அகதிகள் விடுதியில்) விட்டார்கள். ஊரில் ஆலைகள் மூடிக் கிடந்தன. பெடியன்கள் வேலையில்லாமல் ஸ்டேஷன் வாசலில் பியர் போத்தலோடு நிற்பார்கள். மொட்டை, பொம்பர் ஜாக்கெட், பூட்ஸ்.

ஒரு சனிக்கிழமை பெர்லின் ஆசியக் கடையில் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கிக்கொண்டு நானும் இன்னொரு அண்ணையும் ரெயினில் வந்தோம். மூன்று பேர் ஏறினார்கள். ஒருவன் முன்னால் இருந்து, பூட்ஸ் காலை என் சீற்றில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். மற்றவன் பையை எடுத்து அரிசியைப் பெட்டி முழுக்க நடந்து நடந்து கொட்டினான். அடிக்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கடைசிவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. டிக்கெட் பரிசோதகர் வந்தார், எங்கள் டிக்கெட்டை மட்டும் கேட்டார், அரிசியைக் காலால் ஒதுக்கிக்கொண்டு போனார். அவர்கள் இறங்கிய பிறகு அள்ளக்கூடியதை அள்ளினோம். கழுவிக் கழுவிச் சமைத்தோம், வேறென்ன செய்வது.

1992 ஓகஸ்டில் ரொஸ்டொக் நகரத்து லிஷ்டன்ஹாகனில் நடந்ததை ஹைம் தொலைக்காட்சியில் பார்த்தோம். நாள் கணக்காக நடந்தது. வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குப் பெற்றோல் குண்டு எறிந்தார்கள். உள்ளே நூறு பேருக்கு மேல். பொலிஸ் பின்வாங்கிவிட்டது. அவர்கள் கூரைப் பக்கமாக ஏறித்தான் தப்பினார்கள். கீழே நின்ற சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு நாங்களும் முறை வைத்து முழித்திருந்தோம். வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். சப்பாத்தோடு படுத்தோம்.

மொட்டையர் எந்த ஊரிலும் கொஞ்சப் பேர்தான். கைதட்டினவர்கள் அயலட்டை, அக்கம்பக்கத்துச் சனம். நீங்கள் சொல்லும் படத்தில் அயலட்டை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

லண்டனிலிருந்து:

அண்ணை எழுதியதை வாசித்த பிறகு என்னுடையது சின்ன விஷயம். 90களில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தேன். கிழக்கு லண்டனில் ஐல் ஒஃப் டொக்ஸ் பக்கம் 1993இல் வெளிநாட்டவரை எதிர்க்கும் பிஎன்பி கட்சி ஒரு கவுன்சில் இடத்தை வென்ற நேரம். அந்தக் கிழமைகளில் கண்ணாடியில் துப்பிவிட்டுப் போகிறவர்கள் கூடினார்கள்.

ஆனால் எங்களிடம் வழமையாகப் பால் வாங்க வரும் ஒரு வயதானவரும் மொட்டைதான், அதே பூட்ஸ், அதே பிரேஸஸ் (கால்சட்டைத் தோள்வார்). 60களின் முடிவில் ஸ்கின்ஹெட் (இந்த மொட்டையர்களின் ஆங்கிலப் பெயர்) ஆனவராம். அப்போது ஜமேக்கர்களின் பாட்டுக்கு ஆடத்தான் கூடினோம், பிறகு வந்த நாஜிகள் எங்கள் உடுப்பைத் திருடிவிட்டார்கள் என்று திட்டுவார். அது உண்மைதான், தொடக்கம் அப்படித்தான். பூட்ஸ் லேஸ் நிறத்தைப் பார்த்து யார் நாஜி என்று கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்லித் தந்தார். நடுச்சாமத்தில் ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது எட்டி அவன் காலைப் பார்க்கிற நிதானம் யாருக்கு வரும்?

சென்னையிலிருந்து:

முதலில் எழுதியவரின் உறுத்தல் புதிதல்ல. படம் வந்தபோதே ஆஸ்திரேலிய விமர்சகர் டேவிட் ஸ்ட்ராட்டன் மதிப்பெண் கொடுக்கவே மறுத்துவிட்டார். பின்னால் வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்குநர் அவர்மேல் ஒயினை ஊற்றினார். அதே படத்துக்குத்தான் குரோவுக்கு ஆஸ்திரேலியாவின் சிறந்த நடிகர் விருது. நான் ஸ்ட்ராட்டன் கட்சி. எங்கள் ஹாஸ்டலில் 1998இல் வந்த அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ் போட்டபோது, பாதிப் பேர் பேசியது எட்வர்ட் நார்ட்டனின் உடம்பைப் பற்றித்தான். நெஞ்சில் ஸ்வஸ்திகா இருந்தது அவர்களுக்கு ஒரு டிசைன். மறுநாள் ஒருத்தன் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான், திருப்பதிக்குப் போகாமலே.

மெல்பர்னிலிருந்து:

அண்ணா, உங்கள் கேள்விக்காகச் சில இடங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அயலட்டை என்று சொல்ல ஆளே இல்லை. வெறும் கிடங்கு, சந்து, தண்டவாளம். காவல்துறைக்குத் தகவல் கொடுப்பது கேப் என்கிற பெண், அவளும் கும்பலோடு இருந்தவள். வேடிக்கை பார்க்கிறவர்கள் வருவது கடைசியில்தான்: கடற்கரையில் கும்பல்காரர்களே ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும்போது, பஸ்ஸில் வந்த ஜப்பானியச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய வேலை அது.

ஜேர்மனியிலிருந்து:

அப்படியா. எங்கள் மகளுக்கு இந்தப் படங்களில் விருப்பம், அவவோடு இருந்து பார்க்கிறேன். ஜேர்மன் சப்டைட்டிலோடு கிடைக்குமா? ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பேச்சு எனக்கு விளங்காது.