அழிவுக்கடனா, அழிவு நிலுவையா?

வணக்கம்.

வாழிடம் அழிந்த பிறகு தாமதமாக வந்து சேரும் உயிரின இழப்பை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டிங்ஷன் டெட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் போன வாரம் இங்கே வந்த ‘அழிவுக்கடன்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தபோது நெருடியது. தமிழில் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டுமல்ல, செய்தே தீரவேண்டிய கடமையும்தான். காலைக்கடன், ஈமக்கடன் என்கிறோம். அந்த வரிசையில் ‘அழிவுக்கடன்’ வந்தால் அழிப்பதே நம் கடமை என்று தொனிக்கிறது.

சூழலியல் ஆய்வாளர்கள் டில்மன், மே முதலியோர் 1994-இல் அந்த ஆங்கிலச் சொல்லை முன்வைத்தார்கள். மழைக்காட்டை வெட்டிய அன்றே எல்லாப் பறவைகளும் போய்விடுவதில்லை. மிஞ்சிய துண்டில் சில இனங்கள் கூவும், கூடுகூடக் கட்டும். ஆனால் நீடிக்க இடம் போதாது. வெட்டு இன்று, இழப்பு பிறகு. இடையில் மாட்டிக்கொண்ட இனங்களுக்குத்தான் நாம் பெயரிட்டாக வேண்டும்.

பிரேசிலில் மனௌஸ் நகருக்கு வடக்கே 1979-இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். மேய்ச்சலுக்காகக் காடு வெட்டப்பட்ட இடத்தில் 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டுவைத்துப் பறவைகளைக் கண்காணித்தார்கள். அங்கே படையெறும்புகள் சருகின்மேல் விரிந்து வரும்போது வெட்டுக்கிளியும் கரப்பானும் பதறித் துள்ளும். தாழ்ந்த தண்டுகளில் தொற்றிக் காத்திருக்கும் எறும்புப்பறவைகள் அவற்றைக் கொத்திக்கொள்ளும். ஒரு எறும்புக் கூட்டம் அவ்வப்போது மூன்று வாரம் போல ஓரிடத்தில் தங்கிவிடும். அப்போது படையெடுப்பு குறைந்துவிடுவதால் பறவைக்கு வேறு கூட்டங்கள் வேண்டும். பத்து ஹெக்டேரில் அதற்கு ஏது வழி? சிறு துண்டுகளிலிருந்து இந்தப் பறவைகள் சீக்கிரமே மறைந்தன. அது உடனே தீர்ந்த கணக்கு. நம் சொல்லுக்கு வேலை பெரிய துண்டில்தான்: 100 ஹெக்டேர் துண்டு தன் கீழடுக்கில், அதாவது பெரிய மரங்களுக்கு அடியில், வாழும் பறவை இனங்களில் பாதியை 15 ஆண்டுக்குள் இழந்துவிடும் என்று கணக்கிட்டார்கள்.

அதனால் என் பரிந்துரை ‘அழிவு நிலுவை’. சம்பள நிலுவை, நிலுவையில் உள்ள வழக்கு என்று தினமும் புழங்கும் சொல். இதுவும் கணக்குப் புத்தகச் சொல்தான், ஆனால் கடமை என்ற பொருள் இல்லை. இன்னொன்றும் எனக்கு முக்கியம்: நிலுவையைத் தள்ளுபடி செய்யலாம். மனௌஸில் துண்டுகளைச் சுற்றி மறுபடி மரங்கள் வளர்ந்தபோது சில பறவைகள் திரும்பி வந்தன.

முன்னால் ‘இன’ சேர்க்க வேண்டாம். ‘இன அழிவு’ என்றால் மனிதப் படுகொலைதான் நினைவுக்கு வரும்.

சரி, அந்தப் பறவைகளை எப்படிச் சொல்வது? ‘நிலுவைப் பறவைகள்’ ஒட்டவில்லை. ‘நிலுவையில் உள்ள இனங்கள்’ என்றே எழுதுவேன்.