புதுப்பிப்பு: கறித்தூளும் தொண்டு வேலையும்

மல்லாவியில் வீட்டிலேயே கறித்தூள் வறுத்து விற்கத் தொடங்கியதால், நீரிழிவுப் பரிசோதனை முகாம்களில் தொண்டு செய்வதை விடவேண்டி வருமோ என்று முன்பு கேட்டிருந்தேன். விடவில்லை. "எல்லாத்துக்கும் ஓம் சொல்லாதே, ஒரு வேலையைப் பிடி" என்று ஒரு அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது.

இப்போது காலைப் பதிவு மட்டும் என் பொறுப்பு. வெறும் வயிற்றில் சீனி பார்க்க 8 மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருக்கவேண்டும் என்பதால் சனம் விடியவே வந்துவிடும். டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால், ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புகிறோம்.

வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, செத்தல் மிளகாயையும் மல்லியையும் பாயில் பரப்பிவிடலாம். வறுப்பது பின்னேரம். கறிவேப்பிலை கையில் நொருங்கும் பதம் வரும்வரை சட்டியை விட்டு நகர முடியாது. அந்த நேரம் போன் எடுக்கமாட்டேன் என்று முகாம் குழுவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், அவர்களும் சரி என்றார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் செத்தலைக் காயவைத்து டின்னில் அடைத்துவிட்டால் மாரியிலும் சமாளிக்கலாம்.

எனக்கு இப்போதைய கவலை வேறு. வயலுக்குப் போகும் ஆண்கள் முகாம் பக்கமே வருகிறார்கள் இல்லை. பெண்கள்தான் வருகிறார்கள். ஆண்களைக் கூட்டிவர உங்கள் ஊரில் ஏதும் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.