அநாகதத்துக்கு ரோஜா எண்ணெய்: தடவிய இடம் அரிக்கிறது, நிறுத்தட்டுமா?

வெண்தாமரை:
அம்மா இறந்து நான்கு மாதமாகிறது. நெஞ்சில் கல்லை வைத்தது போன்ற பாரம் இன்னும் இறங்கவில்லை. தியான வகுப்பில் கூட இருக்கும் ஒருவர், "நெஞ்சிலுள்ள சக்தி மையமான அநாகதச் சக்கரம் அடைபட்டிருக்கிறது, ரோஜா எண்ணெய் தடவினால் திறந்துகொள்ளும்" என்றார். இரவுதோறும் மூன்று சொட்டை எதிலும் கலக்காமல் நடுமார்பில் தடவிக் கண்மூடி உட்கார்ந்தேன். முதல் நாளே அழுகை வந்தது, அழுது ஓய்ந்ததும் தூக்கமும் வந்தது. ஐந்தாம் நாள், தடவிய இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து அரிக்கிறது. "அடைப்பு வெளியேறுகிறது, நிறுத்தாதே" என்கிறார் அவர். எனக்கும் நிறுத்த மனமில்லை. அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது.

மூச்சுக்காற்று:
சகோதரி, இன்றே நிறுத்துங்கள். வெளியேறுவது அடைப்பல்ல, தோல் ஒவ்வாமை. மிதமான சோப்பால் கழுவிவிடுங்கள். கொப்புளம் கண்டாலோ, ஓரிரு நாளில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருமுறை ஒவ்வாத எண்ணெய் அடுத்த முறை துளியளவுக்கே தடிப்பைக் கிளப்பலாம், ஆகவே அதை மறுபடி மேலே தடவாதீர்கள்.

நான் யோகம் கற்றுக்கொடுப்பவள். இப்படி அரிப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1577இல் பூர்ணானந்தர் எழுதிய, சக்கரங்களை விளக்கும் சட்சக்கர நிரூபணம் என்ற நூலில் அநாகதத்துக்கு 12 இதழ்கள் உண்டு, 'யம்' என்ற பீஜ மந்திரம் உண்டு, ஐம்பூதங்களில் காற்று உண்டு. வடித்தெடுத்த ரோஜா எண்ணெய் இல்லை. இந்தச் சக்கரத்துக்கு இந்த எண்ணெய் என்ற பட்டியல்கள் நம் காலத்தவை. பழைய கணக்கில் மணம் நிலத்தின் குணம், நிலமோ முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரச் சக்கரத்துக்கு உரியது. எந்த நல்ல மணமும் மனத்தைத் தரைக்கு இறக்கும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் உங்கள் அழுகை மெய்யானது. பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகவே மூளைக்குள் பரவுகின்றன. மணமோ அங்கே நிற்காமல் உணர்ச்சிக்குரிய அமிக்டலாவைச் சென்று தொடுகிறது. நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்கு அடுத்த வீடு. இதற்குத் தோல் தேவையில்லை, மூக்கு போதும். அரிப்பு முழுதும் அடங்கிய பிறகு, பஞ்சில் ஒரே சொட்டு விட்டுக் கை எட்டும் தூரத்தில் வைத்து உட்காருங்கள். ஒன்று கேட்கலாமா? அம்மாவோடு ரோஜா மணத்துக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

பின்னிரவு:
பட்டியல் புதிது என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். புருவ நடுவிலுள்ள ஆக்ஞைச் சக்கரத்தில் மனத்தை நிறுத்தும்போது சந்தனம்தான் எனக்குத் துணை. அதே மணம், அதே நேரம் என்று பல மாதம் பழகியதில், இப்போது மூடியைத் திறந்ததுமே மூச்சு நிதானமாகிறது. வேறு மண எண்ணெய் எதையாவது தடவுவதாக இருந்தால், 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு. அதுதான் ஒரு சதவீதம். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் தடவிய தோலில் வெயில் படக்கூடாது, வெந்துவிடும்.

வெண்தாமரை:
கழுவிவிட்டேன், எரிச்சல் சற்றுக் குறைந்திருக்கிறது. மூச்சுக்காற்று கேட்டதைப் படித்ததும் எழுந்துபோய் அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். முகப்பவுடர் டப்பா, மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. துணியைச் சுற்றித் திருகினேன். ரோஜாதான். பஃப்பில் அம்மாவின் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. இன்றிரவு அந்த டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரப்போகிறேன்.