கமாண்ட் ப்ராம்ப்ட் எழுத்து படிக்கவே முடியவில்லை, மாற்றினாலும் நிற்பதில்லை

கேள்வி:
விண்டோஸ் 10, 14 அங்குல ஃபுல் எச்டி திரை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்பு விண்டோ) எழுத்து பொடிப்பொடியாக, ஓரமெல்லாம் பிசிறடித்துத் தெரிகிறது. கன்ட்ரோலை அழுத்தி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பெரிதாகிறது, மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறது. நீள வரிகளைப் படிக்கப் பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருக்கிறது. கருப்பில் வரும் கருநீல எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. நிரந்தரமாகச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
சக்கரத்தை உருட்டுவது அந்த விண்டோவுக்கு மட்டும்தான், சேமிக்காது. டைட்டில் பாரில் ரைட் கிளிக் செய்தால் டீஃபால்ட்ஸ், ப்ராப்பர்ட்டீஸ் என்று இரண்டு இருக்கும். குழப்பமே இங்கேதான். டீஃபால்ட்ஸ் என்பது தனி அமைப்பு எதுவும் இல்லாத புது விண்டோக்களுக்கு. ப்ராப்பர்ட்டீஸில் மாற்றினால், எந்த ஷார்ட்கட் வழியாகத் திறந்தீர்களோ அந்த ஷார்ட்கட்டிலேயே பதிவாகும். அதன்பிறகு அது டீஃபால்ட்ஸைச் சட்டை செய்யாது. ஸ்டார்ட் மெனுவில் திறந்தால் ஒரு அளவு, ரன் பெட்டியில் திறந்தால் வேறு அளவு என்று வருவது இதனால்தான். முதலில் டீஃபால்ட்ஸில் மாற்றுங்கள். அடங்காத ஷார்ட்கட்டை மட்டும் தனியாகப் பாருங்கள்.

பிசிறுக்குக் காரணம் ராஸ்டர் ஃபாண்ட்ஸ். அது புள்ளிகளால் ஆன எழுத்து, குறிப்பிட்ட சில அளவுகளில்தான் கிடைக்கும். அதே டீஃபால்ட்ஸ் பெட்டியின் ஃபாண்ட் பக்கத்தில் கன்சோலாஸ் என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அளவு 20 வையுங்கள். லூசிடா கன்சோலும் பரவாயில்லை, ஆனால் அகலம் அதிகம், வரி சீக்கிரம் நிறைந்துவிடும்.

பதில் 2:
பக்கவாட்டு இழுவைக்கு அதே பெட்டியில் லேஅவுட் பக்கம் போங்கள். ஸ்க்ரீன் பஃபர் (நினைவில் வைத்திருக்கும் மொத்த எழுத்துப் பரப்பு) அகலம் விண்டோ அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கீழே ஸ்க்ரோல் பார் வரும். ரீசைஸ் செய்யும்போது வரியை மடிக்கும் பெட்டியை டிக் செய்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே மாறும். ஃபாண்ட் 20 ஆனதும் 120 எழுத்து அகலம் இடத்தை அடைக்கிறது என்றால் 100 போதும். பஃபர் உயரத்தைக் குறைக்காதீர்கள்: மேலே போய்விட்ட வரிகளைத் திரும்பப் பார்க்க உதவுவது அதுதான். 9001 இருந்தால் அப்படியே விடுங்கள்.

பதில் 3:
நீலத்துக்கு: கலர்ஸ் பக்கத்தில் ஸ்க்ரீன் டெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து, கருநீலக் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். பழைய நிறத் தொகுப்பில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128 என்று இருக்கும். 90, 150, 255 போல ஏற்றுங்கள். ஓகே கொடுக்கும் முன் ஒன்று: கட்டத்தைத் தொட்டதுமே சாதாரண எழுத்தும் அந்த நிறத்துக்குப் போயிருக்கும். மறுபடி சாம்பல் கட்டத்தைக் கிளிக் செய்துவிட்டுத்தான் ஓகே. பலர் இதை விட்டுவிட்டு "எல்லாமே நீலமாகிவிட்டது" என்று வருவார்கள்.

பளிச் வெள்ளையைக் கருப்பில் வைத்தால் எனக்குக் கண் கூசும். எழுத்து 204, 204, 204, பின்னணி 12, 12, 12 என்பது இதமாக இருக்கும்.

கேட்டவர்:
கன்சோலாஸும் நிறமும் சரியாகிவிட்டன, நன்றி. விண்டோஸ் 11 உள்ள இன்னொரு கணினியில் ரைட் கிளிக் செய்தால் ப்ராப்பர்ட்டீஸே காணோமே?

பதில் 1:
அது விண்டோஸ் டெர்மினல் என்ற வேறு செயலி, கமாண்ட் ப்ராம்ப்ட் அதற்குள்தான் திறக்கிறது. இந்தப் பக்கங்கள் அதில் கிடையாது. கன்ட்ரோலோடு கமாவை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். ப்ரொஃபைல்ஸ், டீஃபால்ட்ஸ், அப்பியரன்ஸ் என்று போங்கள். எழுத்து அளவு 12 இருக்கும், 15 ஆக்குங்கள். வரி உயரம் 1.2 என்பதை 1.4 ஆக்கினால் நெருக்கம் குறையும். கீழே சேவ் அழுத்தாவிட்டால் எதுவும் நிற்காது. பவர்ஷெல் (கமாண்ட் ப்ராம்ப்ட் போன்ற இன்னொரு கட்டளை நிரல்) ப்ரொஃபைலில் ஏற்கெனவே தனி அளவு வைத்திருந்தால் அதுதான் ஜெயிக்கும், அங்கே போய் ரீசெட் அம்புக்குறியைத் தட்டுங்கள்.