கனடா பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) இருக்கு, சிட்டிசன்ஷிப் கண்டிப்பா எடுக்கணுமா?

காவிரிக்காரன்:
வணக்கம் மக்களே. 2020 செப்டம்பர்ல ஸ்டூடன்டா டொரன்டோ வந்தேன், காலேஜ் முடிச்சு வொர்க் பர்மிட்ல ஓட்டி 2023 ஜனவரில பிஆர் வந்துச்சு, அதுக்கப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு மாசம் தஞ்சாவூர் போயிட்டு வந்தேன். இப்ப ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. ரூம்மேட்ஸ் எல்லாம் அப்ளை பண்ணு பண்ணுன்னு உசுர வாங்குறானுங்க, எங்கப்பா என்னடான்னா இந்திய பாஸ்போர்ட்ட விட்டா வயலெல்லாம் போச்சுன்னு போன்ல புலம்புறாரு. பிஆர்ல என்ன கொறைச்சல்? சிட்டிசன்ஷிப்புக்கு பிஆர் வாங்கி மூணு வருஷம் முழுசா முடியணுமா?

பிராம்ப்டன் பையன்:
முழுசா வேணாம் ப்ரோ. அப்ளை பண்ற நாளுக்கு முந்தின 5 வருஷத்துல 1095 நாள் இங்க இருந்திருக்கணும், பிஆருக்கு முன்னாடி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளா கணக்குல வரும், அதிகபட்சம் 365. உங்களுக்கு அது முழுசா கிடைக்கும், மீதி 730 பிஆர் வாங்குனப்புறம் இருந்த நாள்ல வரணும், தஞ்சாவூர் மூணு மாசத்த கழிச்சுக்கோங்க. கரெக்டா 1095ல போடாதீங்க, ஒரு வாரம் பத்து நாள் கூட வச்சே போடுங்க. இங்கிலீஷ் தெரியும்னு காட்ட காலேஜ் டிப்ளமாவே போதும். டெஸ்ட்ல 20 கேள்வி, 15 சரியா வந்தா பாஸ், கவர்மென்ட் புக்க ஒழுங்கா படிச்சா போதும். டாக்ஸ் ஃபைல் பண்ணிருக்கீங்கல்ல?

அப்பா பயம் பாதி சரி. இந்தியா ரெட்டைக் குடியுரிமை தராது, பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணியே ஆகணும், அங்க ஓட்டும் போயிடும். ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்தியர்களுக்கு இந்தியா தர்ற கார்டு) எடுத்தா விசா தொல்லை இல்ல. புதுசா வயல் விலைக்கு வாங்க முடியாது, ஆனா அப்பா சொத்து வாரிசா வர்றதுக்குத் தடை இல்ல.

பனங்காய்ப் பணியாரம்:
தம்பி, பிஆர்ல என்ன குறை எண்டு கேட்டீங்கள். 5 வருசத்தில 730 நாள் இங்க இல்லாட்டி அதுவே கேள்விக்குறி, பெரிய கிரிமினல் கேஸ் ஒண்டில குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தாலும் நாடுகடத்தலாம், வோட்டும் இல்லை. நான் அகதியா வந்தனான். எங்களுக்குத் தந்த பயணப் புத்தகத்தில இலங்கை தவிர மற்ற நாடுகளுக்கெல்லாம் செல்லும் எண்டு இருக்கும், ஊரில அம்மா படுத்த படுக்கையா கிடந்தாலும் போகேலாது. பிஆர் எடுத்த பிறகு இலங்கைப் பாஸ்போர்ட் புதுப்பிச்சு ஊருக்குப் போய்வந்த ஆக்களின்ர அகதி அந்தஸ்தை ரத்துச் செய்து, அதோட பிஆரையும் பறிச்சிருக்கினம், 2012 சட்டத்துக்குப் பிறகு. சிட்டிசனுக்கு அந்தப் பயம் இல்லை. உங்களுக்கு இது பொருந்தாது, ஆனா இதை வாசிக்கிற எங்கட சனம் கவனமா இருங்கோ.

சூம்லதான் எனக்கு சத்தியப்பிரமாணம். கேமராவுக்கு முன்னால பிஆர் கார்டைக் கத்தரிக்கோலால வெட்டச் சொன்னவை, மனுசி சமையலறைக் கத்தரியைக் கொண்டுவந்து தந்தவா.

காவிரிக்காரன்:
டாக்ஸ் எல்லா வருஷமும் போட்டாச்சு. வயல் மேட்டர அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன். பார்டர் தாண்டி அமெரிக்கால இருக்குற பஃபலோவுக்கு காலைல போயிட்டு ராத்திரி வந்ததெல்லாம் கழிக்கணுமா?

பிராம்ப்டன் பையன்:
வேணாம், அதே நாள் திரும்பிட்டா லீவு கணக்கே இல்ல. ஆனா தேதிய எழுதி வைங்க.